மனத்தை ஆட்டும் வஞ்சகர்: காப்பியமும் படக்கதையும்

வஞ்சகன் இல்லாத கதை உலக இலக்கியத்தில் அரிது. அவருள் வாளால் வெல்வோன் ஒருவகை. பொருளால் வெல்வோன் மற்றொருவகை. இவ்விருவரினும் நுண்ணியன் மூன்றாமவன். அவன் தன் கையால் எவரையும் தீண்டுவதில்லை. பிறர் நெஞ்சில் உறங்கிக்கிடக்கும் அச்சத்தையோ அழுக்காற்றையோ சினத்தையோ தட்டி எழுப்பி, அவர் கையைக் கொண்டே அவர் குடியைக் கெடுப்பவன் அவன். முதலிருவரை எதிர்க்க வீரமும் செல்வமும் போதும். மூன்றாமவனை எதிர்ப்பதற்கு எது வேண்டும் என்னும் வினாவுக்குக் காப்பியப் புலவர் ஒரு விடையும், இக்காலப் படக்கதை ஆசிரியர் வேறொரு விடையும் கூறியுள்ளனர். அவ்விரு விடைகளையும் ஒப்புநோக்கி, எது மனித இயல்புக்கு நெருங்கியது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு அம்பாறைக் கரையோரத்தைக் காட்டிலும் பொருத்தமான நிலம் பிறிதொன்று கிடைத்தல் அரிது. 1961ஆம் ஆண்டில் மட்டக்களப்பு மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்ட அம்மாவட்டத்தின் கடற்கரை நெடுஞ்சாலையில், வடக்கே மருதமுனை தொடங்கித் தெற்கே அக்கரைப்பற்று ஈறாக, முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மணிகள் போல அமைந்துள்ளன. தறியோசை கேட்கும் மருதமுனையை அடுத்துப் பாண்டிருப்பு. அதனை அடுத்துக் கல்முனை. பின்னர்ச் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை எனத் தொடர்கின்றன. பேசும் மொழி ஒன்று, வழிபாடு வேறு. பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் சடங்கின்போது பாரதக் கதை உயிர்பெறுகிறது. அங்கே சகுனி வருகிறான். முத்தமிழ் முனிவர் விபுலாநந்தர் பிறந்த காரைதீவில், வைகாசிக் குளிர்த்தியின்போது கண்ணகி வழக்குரை ஓதப்படுகிறது; அங்கே பொற்கொல்லன் வருகிறான். முஸ்லிம் ஊர்களில் சீறாப்புராணம் படித்துப் பொருள் கேட்ட மரபுண்டு; அங்கே இபுலீசு வருகிறான். ஒரு நெடுஞ்சாலையில் நடந்து செல்லும் வழிப்போக்கன், சில கல் தொலைவுக்குள் உணர்ச்சியை ஆளும் வஞ்சகர் மூவரைச் சந்திக்கலாம் என்பது வியப்பன்றோ?

படக்கதை எனப்படும் புதிய இலக்கிய வகையும் தமிழ்ச் சிறுவர்க்குப் புறம்பானதன்று. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபின், மேனாட்டுப் படக்கதைப் பாத்திரங்கள் தமிழ் பேசலாயினர். அவருள் மாண்ட்ரேக் என்பான் ஒருவன். லீ ஃபாக் என்னும் அமெரிக்கர் 1934இல் படைத்த இம்மாயவித்தைக்காரன், கையை ஒருமுறை அசைத்த அளவில் எதிரியின் கண்ணுக்கு இல்லாததை உள்ளதாகக் காட்டுவான்; துப்பாக்கி பாம்பாகும், தரை பள்ளமாகும். பிறர் மனத்தைப் பற்றி ஆளும் ஆற்றல் அங்கே நாயகனுக்கு உரியது; ஆதலின் அதனைப் படித்த சிறுவர் அஞ்சவில்லை, கைகொட்டி மகிழ்ந்தனர். அவ்வாற்றல் தீயோன் கையிற் சேர்ந்தால் யாதாகும் என்னும் வினாவைப் பின்வந்த ஆசிரியர் எழுப்பினர்.

அவ்வினாவுக்குப் பிறந்த பாத்திரங்களுள் குறிப்பிடத்தக்கவன் சைக்கோ மேன் என்பவன். மார்வல் நிறுவனத்தார் வெளியிட்ட ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்னும் தொடரின் 1967ஆம் ஆண்டு மலரில், ஸ்டான் லீ எழுத்திலும் ஜாக் கேர்பி ஓவியத்திலும் இவன் முதன்முதல் தோன்றினான். அணுவினும் நுண்ணிய உலகம் ஒன்றிலிருந்து வருபவன். மனித உருவுடைய பெரிய கவசத்தினுள் இருந்து தொழிற்படுபவன். அவன் படைக்கலம் ஒரு சிறு பெட்டி. அதில் அச்சம், ஐயம், வெறுப்பு என மூன்று சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கும். எச்சொல்லுக்குரிய விசையை அழுத்துகின்றானோ, அவ்வுணர்ச்சி எதிரே நிற்பவர் நெஞ்சில் அந்த நொடியே பொங்கி எழும். மலையைப் பெயர்க்கும் வலியுடையோனும் குழந்தைபோல நடுங்குவான். உயிர்த்தோழர் ஒருவரையொருவர் கொல்ல முனைவர்.

இம்மூன்று சொற்களின் தேர்வில் ஆசிரியரின் கூர்மை புலப்படுகிறது. காமம், பேராசை, துயரம் என உணர்ச்சிகள் பலவிருக்க, இம்மூன்றையே தேர்ந்தமை ஏன்? அவை தனித்தனி நிற்பன அல்ல. ஒன்றையொன்று ஈன்று வளர்ப்பன. அஞ்சியவன் அயலானை ஐயுறுகிறான்; ஐயுற்றவன் நாளடைவில் வெறுக்கிறான்; வெறுத்தவன் தான் செய்த தீங்குக்குப் பழிவாங்கல் வருமென மீண்டும் அஞ்சுகிறான். சக்கரம் இவ்வாறு சுழல்கிறது. படக்கதை சிறுவர்க்குரியது என ஒதுக்குவோர் இந்நுட்பத்தை நோக்குதல் வேண்டும்.

ஆயினும், இப்பாத்திரப் படைப்பில் அடிப்படையான குறையொன்றுண்டு. விசை அழுத்தப்பட்டதும் உணர்ச்சி எழுகிறது; அவ்விரண்டுக்கும் இடையே வேறொன்றும் இல்லை. பாதிக்கப்பட்டவன் எண்ணுவதில்லை, மறுப்பதில்லை, தன்னோடு தான் போராடுவதில்லை. மின்விளக்கு எரிவதும் அணைவதும் போல அவன் நெஞ்சு எரிகிறது, அணைகிறது. ஆகவே அவன் செய்த தீமைக்கு அவன் பொறுப்பாளியும் அல்லன். பெட்டியை உடைத்துவிட்டாற் கதை முடிகிறது. நேற்றுவரை ஒருவர் குரல்வளையை ஒருவர் நெரித்தவர் இன்று கைகோத்துச் செல்கின்றனர். நாணம் இல்லை, கழுவாய் இல்லை. தீமை முழுவதும் புறத்தே, ஒரு பொறியில் அடங்கியிருந்தது எனக் கூறி அக்கதை படிப்போனை ஆற்றுகிறது.

இக்குறையைப் பின்வந்த ஆசிரியரே உணர்ந்தனர் போலும். 1985இல் ஜோன் பேர்ன் அத்தொடரை எழுதி வரைந்த காலத்தில், கதைத்தலைவியாகிய சூ என்பாள், சைக்கோ மேனின் ஏவலாள் ஒருவனால் வெறுப்பூட்டப்பட்டுத் தன் குடும்பத்தாரையே தாக்குகிறாள். விடுபட்டபின் அவள் பழைய நிலைக்கு எளிதில் மீளவில்லை. தன்னுள்ளே அத்தகைய வெறுப்புக்கு இடமிருந்தது என்னும் அறிவு அவளை வருத்துகிறது. அதுவரை தனக்கிருந்த ‘மறைவுப் பெண்’ என்னும் பெயரில் சிறுமியைக் குறிக்கும் சொல்லை நீக்கி, முதிர்ந்த மகளைக் குறிக்கும் சொல்லை ஏற்கிறாள். பொறியால் விளைந்ததாயினும் அதன் வடு நெஞ்சில் நிற்கும் என்னும் உண்மையைப் படக்கதை கண்டுகொண்ட இடம் அது. காப்பியங்கள் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே நின்ற இடமும் அதுவே.

முதலிற் சிலப்பதிகாரத்தை நோக்குவோம். கொலைக்களக் காதையில் வரும் பொற்கொல்லன் அரசமாதேவியின் சிலம்பைத் திருடியவன். அக்களவு வெளிப்படுமோ என அஞ்சியிருந்த வேளையிற் கோவலன் சிலம்பொன்றை விலைகூறி அவன்முன் வருகிறான். பொற்கொல்லன் அரண்மனைக்கு விரைகிறான். அவன் சென்ற வேளை எத்தகையது? ஆடல்மகளிரின் கூத்தில் மன்னன் உள்ளம் ஈடுபட்டமை கண்டு ஊடிய தேவி, தலைநோவு எனக் கூறி அந்தப்புரம் சென்றுவிட்டாள். அவளது ஊடல் தணிக்க விரையும் பாண்டியனைப் பொற்கொல்லன் வழியிற் கண்டு வணங்குகிறான். மன்னனின் நெஞ்சம் அப்பொழுது அவன்வயம் இல்லை, தேவியின்வயம் இருந்தது. தேவியின் சிலம்பு கிடைத்துவிட்டது என்னும் சொல், ஊடல் தீர்க்கும் மருந்துபோல் அவன் செவியில் விழுகிறது. ஆராயவேண்டிய அரசன் ஆணையிட்டுவிடுகிறான்.

பொற்கொல்லன் புதிதாக ஓர் உணர்ச்சியையும் உண்டாக்கவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. முன்னரே ஓடிக்கொண்டிருந்த ஆற்றில் அவன் தன் ஓடத்தை விட்டான், அவ்வளவே. ஆனால் இளங்கோவடிகளின் பெருமை அதற்கடுத்த காட்சியில் விளங்குகிறது. கொலைத்தொழில் மேற்கொண்டு வந்த காவலர், கோவலனின் தோற்றத்தைக் கண்டு, இவன் கள்வன் அல்லன் எனத் தயங்குகின்றனர். அரசன் தயங்கவில்லை, ஏவலர் தயங்கினர்! அத்தயக்கத்தைப் போக்கப் பொற்கொல்லன் நெடிதாகப் பேசவேண்டியிருக்கிறது. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குரிய எட்டையும் அவன் அடுக்குகிறான். குற்றமற்ற தோற்றமே கள்வனின் வேடம் என்கிறான். இவ்வாதத்தின் கொடுமை யாதெனில், அதற்கு மறுமொழி கூற இயலாது. ஒருவன் தீயவனாகத் தோன்றினாலும் தீயவன். நல்லவனாகத் தோன்றினாலும் தீயவன். ஐயம் என்னும் விசை இங்கே சொல்லால் அழுத்தப்படுகிறது. காவலர் இன்னும் பேசிக்கொண்டிருக்கையிற் கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ஆராய்வோர் பேச்சு முடிவதற்குள் ஆராயாதவன் கை முந்திவிடுகிறது.

கம்பரின் மந்தரை பொற்கொல்லனினும் தேர்ந்தவள். பொற்கொல்லனுக்கு உயிரச்சம் தூண்டுதல். மந்தரைக்கோ பழைய வடு. இளமையில் இராமன் வில்லிலிருந்து எறிந்த மண்ணுருண்டை தன் கூனிற் பட்டதை அவள் மறந்திலள். ஆனால் அதனை அவள் கைகேயியிடம் ஒருசொல்லும் கூறுவதில்லை. தன் பகையைப் பிறர் நலம்போலக் காட்டுவதே இவ்வகை வஞ்சகரின் முதற்கலை.

கைகேயியின் மனமாற்றத்தைக் கம்பர் படிப்படியாக அமைக்கிறார். இராமன் முடிசூடப் போகிறான் என்னும் செய்தி கேட்டுக் கைகேயி மகிழ்ந்து மாலையொன்றைப் பரிசளிக்கிறாள். மந்தரை அதனை நிலத்தில் எறிகிறாள். பரதன் அரசிழந்தான் என்கிறாள். கைகேயி வெகுள்கிறாள், மூத்தவனுக்கு முடி என்னும் குலமுறையை எடுத்துரைக்கிறாள், எதிரில் நில்லாதே போ எனவும், நாவை அறுக்காது பொறுத்தேன் எனவும் கடிந்துரைக்கிறாள். உணர்ச்சியின் விசை முதன்முறை அழுத்தப்பட்டபொழுது கதவு திறக்கவில்லை. மந்தரை அகலவில்லை, காலில் விழுகிறாள், விலக்கினும் விலகாது நன்மையே கூறுவேன் என்கிறாள். இரந்து வருவோர்க்கு ஈயவும் இனிக் கோசலையிடம் கையேந்த நேருமே எனத் தன்மானத்தைத் தீண்டுகிறாள். இறுதியாக, இராமனின் மாமனாகிய சனகன், தயரதனுக்கு அஞ்சியே கைகேயியின் தந்தையைத் தாக்காதிருக்கிறான். இராமன் அரசனானால் அத்தந்தைக்கு வாழ்வேது எனக் கேட்கிறாள். அங்கேதான் கதவு திறக்கிறது.

இவ்வரிசையை உற்றுநோக்குக. தன்னலம் தோற்றது, மகன்நலம் தோற்றது, பிறந்த குடியின் அச்சம் வென்றது. கைகேயி கொடியவளாதலால் வீழ்ந்தாளில்லை. தந்தைபால் அன்புடைய மகளாதலால் வீழ்ந்தாள். மனத்தை ஆட்டும் வஞ்சகன் மனிதரின் தீக்குணத்தை மட்டும் பற்றுவதில்லை. நற்குணத்தையும் பற்றுவான் என்னும் உண்மையைக் கம்பரைப் போல் விளக்கியவர் அரியர். ‘என்னவர்க்குத் தீங்கு வருமே’ என்னும் அன்பே, ‘அவர்க்கு நான் தீங்கு செய்தல் தகும்’ என்னும் முடிவுக்கு வாயிலாகிவிடுகிறது. சைக்கோ மேனின் பெட்டியில் அன்பு என்னும் சொல் இல்லை. மந்தரையின் பெட்டியில் அது உண்டு. அதுவே ஏனைய விசைகளினும் வலியதாயிற்று.

கீழைக் கரையின் முஸ்லிம் ஊர்கள் போற்றிய காப்பியத்துக்கு இனி வருவோம். உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களும் 5027 விருத்தங்களும் உடையது. நடையிற் கம்பரைப் பின்பற்றியது. நபிகள் நாயகத்தின் வாழ்வைப் பாடும் இந்நூலில் வெளிப்படையான பகைவன் அபூஜகில். மறைமுகப் பகைவன் இபுலீசு. இவ்விருவர்க்கும் உள்ள உறவே ஈண்டு ஆராயற்குரியது.

நபிகள் வரலாற்றில் மக்கத்துக் குறைசித் தலைவர் கூடிய ஆலோசனை அவை பெயர்பெற்றது. நாயகத்தை என் செய்வது என அவர்கள் கூடியபொழுது, நஜ்து நாட்டு முதியவன் உருவிற் சைத்தான் வந்து அமர்கிறான். சிறையிடலாம் என்றார் ஒருவர். நாடுகடத்தலாம் என்றார் மற்றொருவர். முதியவன் அவற்றின் குறைகளை எடுத்துக்காட்டி மறுக்கிறான். பின்னர் அபூஜகில் எழுந்து, குலத்துக்கு ஓர் இளைஞனாகத் தேர்ந்து எல்லாரும் ஒருங்கே வெட்டினாற் பழி எல்லாக் குலத்துக்கும் பங்காகிவிடும் என்கிறான். முதியவன் அதுவே தக்கது எனப் பாராட்டுகிறான். கொலைத்திட்டம் சைத்தானின் வாயிற் பிறக்கவில்லை. மனிதனின் வாயிற் பிறந்தது. சைத்தான் செய்தது மூன்றே: மென்மையான கருத்துகளை இகழ்ந்தான், வன்மையானது வரும்வரை காத்திருந்தான், வந்ததும் புகழ்ந்தான். கூட்டத்தில் நிதானமாகப் பேசுவோனைக் கோழை எனவும் கொடுமை பேசுவோனை வீரன் எனவும் காட்டிவிட்டால், எஞ்சியதைக் கூட்டமே செய்துகொள்ளும். பழியைப் பலர்மேற் பங்கிட்டாற் பழியே இல்லை என்னும் மயக்கமும் அவ்வவையிலே வெளிப்படுகிறது. கும்பலின் உளவியலுக்கு இதனினும் சிறந்த சித்திரம் அரிது.

பதுறுப் போரின்போதும் அவ்வாறே. எவரும் உங்களை வெல்லார், யான் அருகிருப்பேன் எனச் செருக்கூட்டிய சைத்தான், படைகள் ஒன்றையொன்று கண்டதும் புறங்காட்டி நீங்கினான் எனத் திருக்குர்ஆனின் எட்டாம் அத்தியாயம் கூறுகிறது. அந்நூலின் இறுதி அத்தியாயம், மனித நெஞ்சங்களிற் கிசுகிசுத்துப் பின்வாங்கும் ஒருவனின் தீமையிலிருந்து காவல் வேண்டுகிறது. அத்தகையோர் ஜின்களிலும் மனிதரிலும் உளர் என்கிறது. ஊட்டுதல், ஒதுங்குதல் என்னும் இரண்டுமே மனத்தை ஆட்டுவோனின் தொழில். பொற்கொல்லன் வாளேந்தவில்லை. மந்தரை வரம் கேட்கவில்லை. சகுனி பொருதது துரியோதனனின் பெயரால். ஒவ்வொருவரும் தீயை மூட்டிவிட்டுப் புகைக்கு அப்பால் நிற்கின்றனர்.

இனி, அந்நூலின் பதினான்காம் அத்தியாயம் தரும் ஒரு காட்சி இவ்வாராய்ச்சிக்கு உயிர்நாடியானது. தீர்ப்பு நாளிற் சைத்தான் தன்னைப் பின்பற்றியோரை நோக்கித் தனக்கு அவர்மேல் எவ்வித ஆட்சியும் இருந்ததில்லை, தான் அழைத்தது மட்டுமே, அவர்களே இணங்கினர், ஆதலால் தன்னைப் பழியாது தம்மையே பழித்துக்கொள்ளுமாறு கூறுவான் என்பது அதன் கருத்து. வஞ்சகனே தன் வஞ்சகத்தின் எல்லையை வரையறுத்துரைக்கும் இடம் இது. படக்கதையின் சைக்கோ மேன் இவ்வுரையை நிகழ்த்த இயலாது. அவனுக்கு ஆட்சி உண்டு, விசை உண்டு. சமய நூலின் சைத்தானுக்கோ விசை இல்லை. குரல் மட்டுமே உண்டு.

இக்கருத்தைச் சிலப்பதிகாரம் மற்றொரு வகையிற் கூறுகிறது. கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபொழுது, பாண்டியன் பொற்கொல்லனைப் பிடித்துவருமாறு ஆணையிடவில்லை. அவன் சொற் கேட்ட தானே கள்வன் எனத் தன்னைப் பழித்து அரியணையில் உயிர்விட்டான். வஞ்சிக்கப்பட்டேன் என்பது அவன் வாயில் வரவில்லை. ஆராயாதிருந்தேன் என்பதே அவன் நெஞ்சைக் கொன்றது. மதுரைக் காண்டத்தின் சிகரம் இது.

ஒரு தடை ஈண்டு எழக்கூடும். கம்பர், தேவர்தம் மாயையும் அரக்கர்தம் பாவமும் கைகேயியின் தூய சிந்தையைத் திரித்தன என்கிறார். இளங்கோவடிகளும் பாண்டியனின் சொல்லுக்கு வினை விளையும் காலத்தைக் காரணமாக்குகிறார். அவ்வாறாயின் ஊழும் மாயையும் சைக்கோ மேனின் பெட்டி போன்றனவே அல்லவோ எனக் கேட்கலாம். தடை வலியதே. ஆயினும் இரண்டு செய்திகளை எண்ணுதல் வேண்டும். ஊழ் என ஒரு சொல்லில் முடித்திருக்கக்கூடிய இடத்திற் கம்பர் மந்தரையையும் கைகேயியையும் நெடிது வாதிடவிடுகிறார். காரணம் முன்னரே முடிந்ததாயின் வாதம் எதற்கு? மேலும், காப்பியத்தினுள்ளே இருப்போர் எவரும் அக்காரணத்தைத் தம் குற்றத்துக்கு மறைப்பாகக் கொள்வதில்லை. பாண்டியன் ஊழைச் சுட்டி உயிர்பிழைக்கவில்லை. பரதன் மாயையைச் சுட்டித் தாயை மன்னிக்கவில்லை. ஊழ் புலவர் காணும் காரணம். பொறுப்போ பாத்திரம் உணரும் கடன். இரண்டையும் ஒருங்கே தாங்கி நிற்பதே காப்பியத்தின் வலிமை.

இம்மூன்று கதைகளுக்கும் பொதுவான ஓர் இடமுண்டு. கைகேயி கடிந்துரைத்த வேளை, காவலர் தயங்கிய வேளை, அவையில் மென்மையான கருத்துகள் எழுந்த வேளை ஆகியன ஒன்றே. அதனைத் தயக்கத்தின் கணம் எனலாம். விசைக்கும் செயலுக்கும் இடையே படக்கதை விடாத இடைவெளி அது. காப்பியப் புலவர் அவ்விடைவெளியை அகலமாக்கிக் காட்டுகின்றனர். அதனுள் நம்மை நிறுத்தி, இங்கே தடுத்திருக்கலாமே என ஏங்கவைக்கின்றனர். அவ்வேக்கமே காப்பியம் தரும் கல்வி.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று என்பதற்கு அம்பாறை மாவட்டமே சான்று. 2018 பெப்ரவரி 26ஆம் நாள் இரவு, கரையினின்றும் உள்ளே அமைந்த அம்பாறை நகரில், முஸ்லிம் உணவகம் ஒன்றின் உணவிற் காணப்பட்ட கட்டியொன்று கருவளத்தை அழிக்கும் குளிகை எனப் பேச்செழுந்தது. அம்மொழியை நன்கு அறியாத ஊழியர் ஒருவர் கூட்டத்தின் நெருக்குதலில் தலையசைத்த காட்சி படமாக்கப்பட்டுக் கைப்பேசிகளிற் பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த மாதத் தொடக்கத்திற் கண்டி மாவட்டத்தின் திகனைப் பகுதியிற் பெருங்கலகம் மூண்டது. நாட்டில் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்டன. பின்னர் ஆராய்ந்த அரச பகுப்பாய்வாளர் அக்கட்டி மாவினால் ஆனதெனக் கண்டார். உணவிற் கலந்து ஊட்டி ஒருவரை நிலையாக மலடாக்கும் குளிகை மருத்துவ உலகில் இல்லை. அக்கலகத்தில் தன் தளம் பயன்பட்டமைக்கு முகநூல் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது.

இந்நிகழ்ச்சியை மேற்கூறிய காப்பியங்களோடு வைத்துப் படித்தால் எல்லாம் துலங்கும். ‘எம் குலம் அழியும்’ என்னும் பேச்சு, கைகேயியின் தந்தைக்கு வரும் தீங்கு எனத் தொடங்கிய அதே பேச்சு. அன்பின் பெயரால் எழுந்த அச்சம். மறுத்தாற் பொய்யன், தலையசைத்தாற் குற்றவாளி என்னும் பொறி, பொற்கொல்லன் விரித்த அதே பொறி. பலர் கூடி வெட்டினாற் பழியில்லை என்பது குறைசியர் அவையில் எழுந்த அதே மயக்கம். மூட்டியவன் முகம் தெரியாது மறைவது, கிசுகிசுத்துப் பின்வாங்குவோனின் அதே இயல்பு. இக்காலக் கருவி, சைக்கோ மேனின் பெட்டியையும் ஒருவாறு ஒத்ததே. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு: அதன் விசையை அழுத்தியவை எண்ணிறந்த சாதாரண விரல்கள். பெட்டியைத் தடைசெய்தல் சில நாட்களுக்கு உதவலாம். விரல்களுக்குக் கல்வி வேண்டும்.

இக்கரையின் தமிழரும் முஸ்லிம்களும் இவ்வுண்மையைப் பிறரைக் கண்டு மட்டும் கற்றிலர். 1985இலும் 1990இலும் ஒருவர் கையால் ஒருவர் பட்ட துயர் இரு பாலாருக்கும் உண்டு. அக்காலங்களிலும் அச்சம் முன்சென்றது, ஐயம் பின்சென்றது, வெறுப்பு இறுதியில் வந்தது. நூறாண்டுகள் ஒரே சாலையில் நடந்தவர், ஒரே மொழியிற் கதை கேட்டவர், தம் கதைகள் தந்த எச்சரிக்கையை மறந்த காலங்கள் அவை.

இவ்விடத்திற் சிலப்பதிகாரம் விட்டுச்சென்ற மற்றொரு செய்தியையும் மறைத்தல் தகாது. பாண்டியன் தன்னைப் பழித்து மாண்டான். ஆனால் அவனுக்குப்பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என உரைபெறு கட்டுரை கூறுகிறது. ஒருவன் செய்த வஞ்சகத்துக்கு ஆயிரவர் உயிரிழந்தனர். அவர் செய்த குற்றம், அத்தொழிற் குடியிற் பிறந்தமை ஒன்றே. நாட்டில் மழை பெய்து வறுமை நீங்கிற்று என அக்கட்டுரை அமைதியாகச் சொல்லிச் செல்கிறது. கற்போன் அவ்வாறு அமைதியாகக் கடந்துசெல்லலாகாது. முன்னவன் பழியைத் தன்மேல் ஏற்றான். பின்னவன் பழியை ஒரு குடியின்மேல் ஏற்றினான். பொற்கொல்லன் மாண்டபின்னும் அவன் கலை வென்றது அங்கேதான். வஞ்சகனை வெறுத்தலே அவனை வெல்லுதல் ஆகாது. அவ்வெறுப்பு ஒரு குடி முழுவதன்மேலும் பரவுமாயின், அவன் மூட்டிய தீயையே நாம் காத்து வளர்ப்பவராவோம்.

ஆகவே, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இதுவாகும். மனத்தை ஆட்டும் வஞ்சகனை எதிர்க்கப் படக்கதை வேண்டுவது பெட்டியை உடைக்கும் வீரன் ஒருவனை. காப்பியம் வேண்டுவது, வாளை ஓங்குமுன் ‘இவன் முகம் கள்வன் முகமன்று’ எனக் கூறிய காவலனை. அவன் இன்னும் சிறிது நேரம் உறுதியாக நின்றிருக்கவேண்டும் என்பதே அதன் ஏக்கம். அத்தகைய காவலர் ஒவ்வொரு கூட்டத்திலும் உளர். பாண்டிருப்பில் பாரதம் கேட்போரிலும், காரைதீவிற் குளிர்த்தி காண்போரிலும், சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் சீறாவின் வரலாற்றை அறிந்தோரிலும் அவர் உளர். அவர் தயக்கத்தைக் கோழைமை எனப் பிறர் இகழும் வேளையில், அதுவே அறிவின் முதற்குரல் என எடுத்துரைத்து அவரை நிலைநிறுத்துவதற்காகவே இலக்கியம் பயிலப்படுகிறது.